தில்லிக் காற்றில் பஸ்திரிகா பழகும் முறை

பஸ்திரிகா ஒரு பிராணாயாமம், அதாவது மூச்சுப் பயிற்சி. இந்த வடசொல்லுக்குக் கொல்லன் பட்டறைத் துருத்தி என்று பொருள். கபாலபாதி என்ற இன்னொரு மூச்சுப் பயிற்சியில் மூச்சை வெளியே தள்ளும்போது மட்டுமே விசை இருக்கும், உள்மூச்சு தானாக வந்து நிறையும். பஸ்திரிகாவிலோ இழுப்பதற்கும் விடுவதற்கும் ஒரே விசை வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் இரண்டையும் கலந்து செய்பவர்களை இங்குள்ள பூங்காக்களில் அடிக்கடி பார்க்கிறேன்.

வெறும் வயிற்றில், அல்லது சாப்பிட்டு 4 மணி நேரம் கழிந்த பிறகு, மூக்கை நன்றாகச் சிந்திவிட்டு, முதுகு நிமிர்ந்திருக்கச் சம்மணமிட்டு உட்காருங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் சாயாமல் அமரலாம். வாயை மூடி, ஒரு கையைத் தொப்புளின் மேல் வைத்துக்கொண்டால், மூச்சு உள்ளே வரும்போது வயிறு முன்னே வருவதும் வெளியேறும்போது உள்ளே ஒட்டுவதும் கைக்குத் தெரியும். தோள்கள் அசையவே கூடாது. ஆர்.கே.புரத்தில் எங்களுடன் பழகும் மாமி ஒருவர், முதல் 10 நாளும் தோளைத்தான் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். இரண்டு தோளிலும் மடித்த துண்டைப் போட்டு, அது நழுவாமல் மூச்சு விடச் சொன்ன பிறகுதான் அவருடைய வயிறு வேலை செய்யத் தொடங்கியது.

தொடக்கத்தில் ஒரு மூச்சுக்கு 2 விநாடி என்ற கணக்கில் 10 மூச்சு போதும். பிறகு ஒருமுறை ஆழமாக இழுத்து மெதுவாக விட்டு, மூச்சு இயல்புக்குத் திரும்பும் வரை கண்ணை மூடிக் காத்திருங்கள். இதுவே ஒரு சுற்று. ஒரு நாளைக்கு 3 சுற்றுக்கு மேல் வேண்டாம். சில வாரங்கள் கழித்து 20 மூச்சாகக் கூட்டலாம். மூச்சை அடக்கும் கும்பகத்தை ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பழகுங்கள்.

இதனால் இரத்தத்தில் பிராணவாயு பல மடங்கு ஏறும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். நலமாக இருப்பவரின் இரத்தத்தில் அது ஏற்கெனவே ஏறத்தாழ நிறைந்துதான் இருக்கிறது. வேக மூச்சினால் குறைவது கரியமில வாயு. அது அளவுக்கு மேல் குறைந்தால் மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும், உதடும் விரல் நுனியும் மரத்துப்போகும். அதைச் சக்தி எழும்புவதாக எண்ணித் தொடராமல் உடனே நிறுத்திவிடுங்கள். உயர் இரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு, குடலிறக்கம், கண் அழுத்த நோய் உள்ளவர்களும், கருவுற்ற பெண்களும், அண்மையில் வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும்.

இனித் தில்லிக்கே உரிய செய்தி. பிரம்ம முகூர்த்தத்தில் பிராணாயாமம் செய்யும் மரபை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் ஐப்பசி முதல் தை வரை, குளிர்ந்த காற்று தரையோடு படிந்து வாகனப் புகையையும் தூசியையும் மேலே எழவிடாமல் பிடித்து வைத்திருக்கும் விடியற்காலையில், லோதி தோட்டத்துப் புல்வெளியில் உட்கார்ந்து துருத்திபோல் மூச்சை இழுப்பது நுரையீரலுக்குச் செய்யும் தீங்கு. காற்றுத் தரக் குறியீடு 200-ஐத் தாண்டினால் அது ‘மோசம்’ என்ற வகைக்குள் வந்துவிடும். அந்த நாள்களில் பஸ்திரிகாவை விட்டுவிட்டு, கதவு சன்னல்களை மூடிய அறைக்குள், இரு நாசிகளிலும் மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடிசுத்தியை மட்டும் மெதுவாகச் செய்யுங்கள். மாசியில் காற்று தெளிந்ததும், முன்பு எத்தனை மூச்சு செய்திருந்தாலும், மறுபடியும் 10 மூச்சிலிருந்தே தொடங்குங்கள்.