பேண்டிங்குக்குக் கூட்டிவருகிறவர்களுக்கு

மதுரையில் எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) அறை நர்ஸாக இருக்கிறேன். சிரோசிஸ் நோயாளியோடு வரும் குடும்பத்தாரிடம் வராந்தாவில் நின்றபடி அவசரமாகச் சொல்வதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

கல்லீரல் தழும்பேறிக் கெட்டியாவதுதான் சிரோசிஸ். அப்படியானால் உள்ளே போகவேண்டிய ரத்தம் தடைபட்டு, உணவுக்குழாயின் அடிப்பகுதிச் சிரைகளைப் புடைக்க வைக்கும். அது வெடித்தால் ரத்த வாந்தி. அந்தப் புடைப்பை எண்டோஸ்கோப் வழியாக உறிஞ்சி இழுத்து, அடியில் சின்ன ரப்பர் வளையம் மாட்டுவதுதான் பேண்டிங். "முன்னாடி ஊசிதானே போட்டாங்க?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். உண்மைதான், புடைப்பை அடைக்க மருந்து செலுத்தும் ஊசி அது. 1992-இல் அமெரிக்காவில் ஸ்டீக்மன் என்ற டாக்டரின் குழுவினர் 129 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். வளையம் போட்டவர்களுக்குச் சிக்கல்கள் குறைவு, பிழைத்தவர்களும் அதிகம். அதற்கப்புறம் ஊசி மெல்லப் பின்னுக்குப் போனது.

பேண்டிங்குக்கு முந்தின நாள் இரவு பட்டினி போடாதீர்கள். சுருங்கிய கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு குறைவு. வயிறு நீண்ட நேரம் காலியாக இருந்தால் உடம்பு தசையைக் கரைக்கும். படுக்கும் முன் இட்லியோ பாலோ கொடுங்கள். அதன்பின் ஆறு முதல் எட்டு மணி நேரம் திட உணவு வேண்டாம். காலையிலேயே செய்துவிட முடியுமா என்று கேளுங்கள். சர்க்கரை மாத்திரை, இன்சுலின், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை எதுவானாலும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பல் செட்டைக் கழற்றி வையுங்கள். பழைய ஃபைல் கட்டாயம்.

முடிந்ததும் தொண்டை மரத்திருக்கும். உணர்வு திரும்பும்வரை தண்ணீர்கூட வேண்டாம். நெஞ்சில் இறுக்கம் ஓரிரு நாள் இருக்கலாம். அதற்காக மெடிக்கலில் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரை வாங்கிப் போடவே கூடாது. ரத்தக்கசிவையும் சிறுநீரகப் பாதிப்பையும் கொண்டுவரும். அன்று ஆறிய கஞ்சி, மோர். அடுத்த சில நாள் குழைந்த சாதம் கொடுங்கள், தோசை வேண்டாம். முறுக்கு, அப்பளம், முள்ளுள்ள மீன் வளையத்தில் உரசும். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு ஊறுகாயும் கருவாடும் எப்போதுமே ஆகாது, உப்பு. ஆனால் பருப்பையும் முட்டையையும் நிறுத்திவிடுகிறார்களே, அது எனக்கு மனசு கேட்பதில்லை. புரதத்தைக் குறைப்பது பழைய வழக்கம். இன்றைய பரிந்துரை, கிலோ எடைக்கு ஒரு நாளில் 1.2 முதல் 1.5 கிராம்.

வளையம் சில நாளில் தானாக விழும். அங்கே புண் இருக்கும், அதிலிருந்தும் ரத்தம் வரலாம். ரத்த வாந்தி, தார் போன்ற கருப்பு மலம், தலைசுற்றல், ஆள் தெரியாமல் பேசுவது, இதில் எது வந்தாலும் ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-ஐக் கூப்பிட்டு, எண்டோஸ்கோபி வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கே போங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கருப்பாக்கும். சந்தேகமிருந்தால் வந்து காட்டுங்கள், வீட்டில் முடிவு செய்ய வேண்டாம்.

உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் கேட்டார்: "ரத்தம் நின்னுபோச்சே சிஸ்டர், மறுபடி எதுக்கு?" ரத்தம் நின்றாலும் புடைப்புகள் மிச்சமிருக்கும். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அவை மறையும்வரை வரவேண்டும். மறைந்தபிறகும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் ஒருமுறை பார்க்க வேண்டும், ஏனென்றால் திரும்ப வரும். மறுபடி ரத்தம் கசியாமலிருக்க டாக்டர் எழுதித் தரும் கார்வெடிலால் அல்லது புரோப்ரனலால் மாத்திரையை அவராகச் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். அடுத்த தேதியை ஃபைலில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.