16 வயது வரை பையனை ரக்பியில் மட்டும் கட்டிப்போடாதீர்கள்

13 வயதுக்குட்பட்டோர் அணியில் ஒரு பையன் இருந்தான். எடை 78 கிலோ. கூட ஆடியவர்களில் பாதிப் பேர் 45 கிலோகூட இல்லை. பந்தை அவன் கையில் கொடுத்தால் போதும், நேராக ஓடுவான். மூன்று பேர் இடுப்பிலும் காலிலும் தொங்கினாலும் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்துவிடுவான். அந்த சீசன் முழுக்க நாங்கள் தோற்கவே இல்லை. "நீச்சலை விடு, கூடைப்பந்தை விடு, வாரம் ஐந்து நாளும் இங்கே வா" என்று அவனிடம் சொன்னவன் நான்தான்.

அவன் உயரம் 14 வயதோடு ஏறக்குறைய நின்றுவிட்டது. 17 வயதில் மற்றவர்கள் எல்லோரும் அவனை எட்டிப் பிடித்துவிட்டார்கள். இடது பக்கம் பாஸ் கொடுக்க அவனுக்கு வராது. எதிரில் நிற்பவனை ஏமாற்றி விலகி ஓடத் தெரியாது. அதுவரை அதற்குத் தேவையே வரவில்லையே. ஒரு நாள் பூட்ஸை எடுத்துவந்து சாமான் அறையில் வைத்துவிட்டு, "இனிமே வரல சார்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் விஷயத்தில் நான் செய்தது தவறு. அதற்கப்புறம் பயிற்சி கொடுக்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். பள்ளி அணியைப் பார்த்துக்கொள்ளும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், பையனை ரக்பிக்கு அனுப்பும் பெற்றோருக்கும் அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆளுக்கு ஒரு நோட்டு போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை உயரத்தையும் எடையையும் அதில் குறியுங்கள். சுவரில் கோடு போட்டு, செருப்பைக் கழற்றி, குதிகாலைச் சுவரோடு ஒட்டி நிற்கவைத்து அளக்க வேண்டும். பெரும்பாலான பையன்களுக்கு 13, 14 வயதையொட்டி உயரம் சடாரென்று ஏறும். ஆனால் ஒருவனுக்கு 12 வயதில் வருவது இன்னொருவனுக்கு 15 வயதில்தான் வரும். ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பேருக்கு உடம்பளவில் மூன்று, நான்கு வருட வித்தியாசம் இருப்பது சாதாரணம். மைதானத்தில் நீங்கள் திறமை என்று பார்ப்பது பல நேரம் இந்த வித்தியாசத்தைத்தான்.

மூன்று மாதத்தில் 2 சென்டிமீட்டருக்கு மேல் ஏறினால் அவன் வேகமாக வளர்கிறான் என்று நான் எடுத்துக்கொள்வேன். இந்தக் காலத்தில் கால் நீளும், ஆனால் அந்த நீளத்துக்கு உடம்பு இன்னும் பழகியிருக்காது. நேற்றுவரை லாகவமாகப் பிடித்த பந்தை இன்று தவறவிடுவான். முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் மேட்டிலோ குதிகாலிலோ வலி என்பான். சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். குதிப்பதையும் முழு வேக ஓட்டத்தையும் குறைத்து, பாஸ், உதை, பந்து பிடிப்பது என்று கொடுங்கள். வலி விடாமல் இருந்தாலோ வீக்கம் தெரிந்தாலோ மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். முக்கியமாக, அணியிலிருந்து அவனைக் கழற்றிவிடாதீர்கள்.

சரி, மற்ற விளையாட்டுகள் விஷயத்துக்கு வருகிறேன். ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "ரெண்டு விளையாட்டு ஆடினா ரெண்டுலயும் அரைகுறையா நின்னுட மாட்டானா சார்?" நியூசிலாந்தின் ஜெஃப் வில்சனைப் பற்றி அவரிடம் சொன்னேன். 1993-இல் ஒருநாள் கிரிக்கெட்டில் நாட்டுக்காக ஆடினார். அதே ஆண்டு நாட்டின் ரக்பி அணியான ஆல் பிளாக்ஸுக்காக ஸ்காட்லாந்துக்கு எதிராகத் தன் முதல் ரக்பி டெஸ்டில் இறங்கி மூன்று ட்ரை போட்டார் (கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பதுதான் ட்ரை). ரக்பியை முடித்துக்கொண்டு 2005-இல் மறுபடியும் நாட்டின் கிரிக்கெட் அணிக்குத் திரும்பினார். எல்லோரும் வில்சன் ஆகிவிட முடியாது, அதையும் அந்த அம்மாவிடம் சொன்னேன். ஆனால் ஒன்று இன்னொன்றைக் கெடுக்கும் என்ற பயம் வேண்டாம்.

எந்த விளையாட்டிலிருந்து என்ன வரும், எது வராது என்று தெரிந்து வைத்துக்கொண்டால் உங்கள் வேலை பாதியாகக் குறையும். கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டருகே நின்று பழகியவன் உயரமாக வரும் பந்தைப் பார்த்ததுமே எங்கே விழும் என்று கணித்து நகர்ந்துவிடுவான். எல்லோருக்கும் பின்னால் கடைசியாக நிற்கும் ஃபுல்பேக்குக்கு இது பெரிய சொத்து. ஆனால் எதிராளி மேலே பாய்ந்து வரும்போது பிடித்துப் பழக்கம் இருக்காது, அதை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். கூடைப்பந்து ஆடுகிறவனுக்கு நெரிசலில் துள்ளி எழுந்து பந்தெடுக்கத் தெரியும். மூன்று பேர் தாக்க இரண்டு பேர் மறிக்கும்போது யார் தனியாக நிற்கிறான் என்று யோசிக்காமலே கை சொல்லும். ரக்பியில் கையால் முன்னால் பாஸ் கொடுக்கக் கூடாது என்பதை மறந்து முதல் இரண்டு வாரம் முன்னால் கொடுத்துத் தொலைப்பான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜூடோவும் மல்யுத்தமும் விழக் கற்றுக்கொடுக்கும். விழத் தெரிந்த பையனுக்கு டாக்கிளில், அதாவது பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்து வீழ்த்துவதில், பயம் இருக்காது. கால்பந்திலிருந்து உதையும் காலியிடம் பார்க்கும் கண்ணும் வரும். நீச்சல் மூச்சை வளர்க்கும், போட்டியில் அடிவாங்கிய மூட்டுகளுக்கு ஓய்வும் தரும். தடகளத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஓடத் தெரியாமல் ரக்பி இல்லை.

கபடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது ரக்பிக்கு மிக நெருக்கம், அதனாலேயே அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கபடிப் பையன்கள் தாழ்வாக இறங்கப் பயப்படுவதில்லை. கால் வேகம், எதிராளியின் இடுப்பைப் பார்த்து அவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று படிப்பது எல்லாம் தயாராகவே இருக்கும். ஆனால் கணுக்காலைப் பிடிக்கப் பாயும்போது தலை எங்கே இருக்கிறது என்று பார்க்க மாட்டார்கள். முழு வேகத்தில் ஓடிவரும் ஒருவனை அப்படிப் பிடித்தால் அவன் முழங்கால் நேராக நெற்றியில் மோதும். இதை மாற்ற நான் செய்வது இதுதான்: இரண்டு பேரையும் முழங்காலிட வைப்பேன். ஒருவன் பந்தோடு குறுக்கே மெதுவாக நகர்வான். மற்றவன் தோளை அவன் தொடையில் வைத்து, கன்னத்தை அவன் பின்பக்கத்தில் ஒட்டி, இரண்டு கையாலும் சுற்றி இறுக்க வேண்டும். தலை எப்போதும் ஓடுகிறவனுக்குப் பின்னால். கண் திறந்திருக்க வேண்டும், நிமிர்ந்த பார்வை. கன்னத்தில் சட்டையின் சொரசொரப்பு தெரிந்ததா என்று கேட்பேன். தெரிந்தது என்றால் தலை சரியான இடத்தில் இருந்தது. வலது தோளில் பத்து, இடது தோளில் பத்து. இது பழகிய பிறகு குத்துக்காலில், பிறகு நடையில், கடைசியில்தான் ஓட்டத்தில். இரண்டு தோளும் சமமாக வரும்வரை போட்டியில் இறக்குவதில்லை.

பல விளையாட்டு ஆடுவதில் உண்மையான சிக்கல் வேறு. ஒவ்வொரு பயிற்சியாளரும் பையன் தனக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்து வேலை வாங்குவோம். காலையில் தடகளம், மாலையில் ரக்பி, வார இறுதியில் இரண்டு போட்டி. உடைவது பையன். அதனால் அந்த நோட்டில் எல்லா விளையாட்டையும் அவனையே எழுதச் சொல்லுங்கள். எத்தனை நிமிடம், எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பத்துக்கு ஒரு எண். இரண்டையும் பெருக்கினால் அன்றைய சுமை. 60 நிமிடம், கஷ்டம் 7 என்றால் 420. வாரக் கூட்டுத்தொகை திடீரென்று எகிறினால் அடுத்த வாரம் நான் குறைப்பேன். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதற்கு எளிய அளவு ஒன்று உண்டு: பையனின் வயதைத் தாண்டக் கூடாது. 13 வயது என்றால் எல்லா விளையாட்டும் சேர்த்து 13 மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016-இல் சொன்னதையும் நான் பின்பற்றுகிறேன்: வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வு. தன் முக்கிய விளையாட்டிலிருந்து வருடத்தில் மொத்தம் மூன்று மாதம் விலகல், அதை ஒவ்வொரு மாதமாகப் பிரித்து எடுத்தாலும் சரி.

மற்றப் பயிற்சியாளருக்கு போன் போடத் தயங்காதீர்கள். ஒரு முறை எங்கள் பையன் ஒருவனுக்குச் சனிக்கிழமைப் போட்டியில் தலையில் அடி. வெளியே எடுத்தோம், வீட்டில் சொன்னோம், ரக்பிக்கு வர வேண்டாம் என்றோம். திங்கட்கிழமை அவன் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தான். அந்தப் பயிற்சியாளருக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து தலையில் அடி என்றால் நோட்டில் சிவப்பு மையில் கோடு. எந்த விளையாட்டும் கிடையாது, எல்லாப் பயிற்சியாளருக்கும் அன்றே போன். சந்தேகம் வந்தாலே போட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும், அன்றைக்குத் திரும்ப விடக் கூடாது என்பதுதான் உலக ரக்பி அமைப்பின் விதி. தலைவலி, மயக்கம், வாந்தி, வெளிச்சம் கூசுவது, கேட்டதற்குத் தாமதமாகப் பதில் சொல்வது, இதில் ஒன்று போதும். பிறகு மருத்துவர் அனுமதித்தால்தான், அதுவும் முதலில் படிப்பு, அப்புறம் லேசான ஓட்டம், கடைசியில்தான் உடம்பு மோதும் பயிற்சி.

அணிக்குள் இடம் ஒதுக்குவதிலும் இதே புத்திதான். 15 வயது வரை பெரிய பையனைப் பயிற்சியில் விங்கில் (வேகமாக ஓடுகிறவர்கள் நிற்கும் ஓரத்து இடம்) நிறுத்துங்கள், சின்னவனை ரக்கில் (தரையில் கிடக்கும் பந்துக்காக இரு பக்கமும் முட்டித் தள்ளும் இடம்) பந்தெடுக்க விடுங்கள். வாரத்தில் ஒரு நாள் தொட்டு ஆடும் ரக்பி மட்டும். அதில் எடைக்கு வேலை இல்லை. பாஸும் கால் வேகமும் இல்லாதவன் திணறுவான், கற்றுக்கொள்வான். இரண்டு அணியின் முன்வீரர்களும் தோள் கோத்து எதிரெதிரே தள்ளும் ஸ்க்ரமின் முன்வரிசைக்கு மட்டும் இந்தச் சுழற்சி பொருந்தாது. ப்ராப், ஹூக்கர் என்ற அந்த முன்வரிசை இடங்களில் அதற்கென்று பயிற்சி எடுக்காத பையனை ஒருபோதும் நிறுத்தாதீர்கள், கழுத்து விஷயம். 19 வயதுக்குட்பட்டோர் ஸ்க்ரமில் ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது என்று விதியே இருப்பது இதற்காகத்தான்.

எடை தூக்கும் பயிற்சியைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். தன் உடம்பைத் தானே சரியாகத் தூக்கி இறக்கத் தெரிந்த பிறகு, பக்கத்தில் ஆள் இருந்தால், செய்யலாம். புரத மாவு வேண்டாம். சாப்பாடும் தூக்கமும் போதும்.

15, 16 வயது வாக்கில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு பக்கம் மனம் சாயும். நீங்கள் முந்திக்கொண்டு கேட்காதீர்கள். பயிற்சி இல்லாத நாளிலும் எந்தப் பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வருகிறான் என்று பாருங்கள். ரக்பி என்றால் அப்போதிலிருந்து அவன் இடத்துக்கான தனிப் பயிற்சியைக் கூட்டுங்கள். போன வருடம் எங்கள் நல்ல ஃபுல்பேக் கூடைப்பந்துக்குப் போகிறேன் என்றான். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. நோட்டை அவனிடமே கொடுத்து, புதுப் பயிற்சியாளரிடம் காட்டச் சொன்னேன். மூன்று வருட உயரக் கணக்கு, எந்த முழங்காலில் எப்போது வலி வந்தது, எல்லாம் அதில் இருக்கிறது.