அக்ரிலிக் என்று எழுதினால் தபாலில் போய்விடுமா?

போன வாரம் திருச்சியிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். பிளாஸ்டிக் மாடல் கட்ட ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. "அண்ணா, லாக்கர் பெயிண்ட் எல்லாம் இல்ல, அக்ரிலிக் பெயிண்ட்தான். ஸ்பீட் போஸ்ட்ல போட்டுடலாம்ல?" எட்டு வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை. பதிலை நானே சொல்லிக்கொண்டேன். அதற்குக் கட்டிய தண்டம்தான் இங்கே பாதிக்கு மேல்.

மூடியை இறுக்கு, பாலிதீன் பையில் சுற்று என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. வெளியூருக்கு ஊறுகாய் அனுப்பிய யாருக்கும் அது தெரியும்.

"அக்ரிலிக் என்றால் தண்ணீர் பெயிண்ட்தானே"

இல்லை. அக்ரிலிக் என்பது நிறத்தைப் பிடித்து வைக்கும் பிசினின் பெயர். அந்தப் பிசினை எந்தத் திரவத்தில் கலந்திருக்கிறார்கள் என்பதை அந்தச் சொல் சொல்லாது. ஸ்பெயினின் வல்லேஜோ மாடல் கலரில் அது தண்ணீர். ஜப்பானின் டாமியா எக்ஸ், எக்ஸ்எஃப் வரிசைகளில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் இருக்கிறது. இரண்டுக்கும் பெயர் அக்ரிலிக்தான். டாமியா தொட்ட பிரஷ்ஷைத் தண்ணீரில் கழுவ முடிகிறதே என்றுதான் ஏமாந்து போகிறோம். சாராயமும்தான் தண்ணீரில் கலக்கும். தீக்குச்சி கிழித்து வைத்தால் எரியாமலா போகும்?

தபால்காரர்களும் விமானக்காரர்களும் பெயரைப் பார்ப்பதில்லை, ஃப்ளாஷ் பாயிண்ட்டைப் பார்க்கிறார்கள். திரவத்தின் மேல் தேங்கும் ஆவி, ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு எந்த வெப்பத்தில் திரளுமோ, அது. சுத்தமான ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலுக்குச் சுமார் 12 டிகிரி செல்சியஸ். சென்னையில் அவ்வளவு குளிர் என்றைக்கும் அடிப்பதில்லை. எனாமல் பெயிண்ட்டில் கலக்கும் வைட் ஸ்பிரிட் என்ற கரைப்பானுக்கு, ரகத்தைப் பொறுத்து, 40ஐ ஒட்டி வரும். அக்னி நட்சத்திரத்தில் நிறுத்தி வைத்த தபால் வேனுக்குள் அதுவும் தாண்டும். விமானச் சரக்கு விதிகளில் கோடு 60 டிகிரியில் இருக்கிறது. அதற்குள் பற்றிக்கொள்ளும் பெயிண்ட் 3ஆம் வகுப்பு எரியும் திரவம், ஆபத்துப் பொருள்களுக்குத் தரும் யுஎன் எண் 1263. தகுந்த பெட்டி, லேபிள், பத்திரத்தோடு சரக்காக அதை ஏற்றலாம். தபாலாக ஏற்ற வழியில்லை. ஆபத்தான பொருளுக்கு 1898ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டமே, அதன் 19ஆம் பிரிவில், தடை போட்டிருந்தது. அந்தச் சட்டம் போய் 2024 ஜூனில் புதியது வந்துவிட்டது. எரியும் திரவத்துக்கு இன்றும் தபால் பையில் இடமில்லை.

இதில் ஒன்றும் தெரியாமல் நான் செய்தது இது. டெல்லியில் இருக்கும் நண்பனுக்காக 1/48 அளவில் ஒரு மிக்-21 போர் விமான மாடல் கட்டினேன். மூன்று மாத வேலை. டிகால் ஸ்டிக்கர் ஒட்டி, மேலே மேட் வார்னிஷ் அடித்து, பஞ்சுக்குள் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். எங்காவது உரசினால் தொட்டுக்கொள்ளட்டும் என்று 10 மில்லி டாமியா குப்பி நான்கையும் மூலையில் செருகினேன். ஒரு தீக்குச்சி அகல இடம்கூட வீணாகவில்லை என்று பெருமை வேறு. கவுன்ட்டரில் "உள்ளே என்ன?" என்று கேட்டார்கள். "பொம்மை விமானம், வாட்டர் கலர்" என்றேன். கூசாமல்.

ஐந்து வாரம் எந்தத் தகவலும் இல்லை. பிறகு பெட்டி எனக்கே திரும்பி வந்தது. யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள். குப்பிகள் இல்லை. விமானத்தை எடுத்தவர் பழையபடி வைக்கத் தெரியாமல் வைத்திருக்கிறார். மிக்-21இன் மூக்கில் ஈட்டிபோல் நீளும் பிட்டோ குழாய் முறிந்து, பஞ்சுக்குள் எங்கோ தொலைந்திருந்தது. வால் சிறகிலும் விரிசல். நாலு குப்பி பெயிண்ட் போனால் போகிறது. எரியாத, தடையில்லாத, தனியாகப் போயிருந்தால் நாலு நாளில் சேர்ந்திருக்கும் விமானத்தை அந்தக் குப்பிகளோடு ஒரே பெட்டியில் கட்டினேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு குப்பிக்குத் தடை என்றால் பெட்டிக்கே தடை.

எஸ்டிஎஸ் பார்க்காமல் பெட்டி கட்டுவது

பெயிண்ட் கம்பெனிகள் தங்கள் சரக்குக்கு எஸ்டிஎஸ் என்ற பாதுகாப்புத் தாள் போடுகின்றன. 16 பகுதி. நமக்கு இரண்டு போதும். 9ஆம் பகுதியில் ஃப்ளாஷ் பாயிண்ட், 14ஆம் பகுதியில் போக்குவரத்து. 14இல் யுஎன் 1263 என்று இருந்தால் பெட்டியைப் பிரித்துவிடுங்கள். ஆபத்துப் பொருள் அல்ல என்று இருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து உள்ளே ஒன்று, கையில் ஒன்று. கவுன்ட்டரில் இருப்பவருக்கு நம் வாய்ப்பேச்சைவிட அந்தத் தாள் பேசும். ஒரே கம்பெனியிலும் வரிசைக்கு வரிசை மாறும், ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதை ஊகிக்காதீர்கள்.

ஸ்ப்ரே கேன்

கூடாது. உள்ளே தண்ணீர் பெயிண்ட்டே இருந்தாலும் அதைத் தள்ளுவது பெரும்பாலும் எரிவாயு.

பசையை மறந்துவிடுவது

பெயிண்ட்டை எல்லாம் எடுத்துவிட்டு, மாடல் கிட்டோடு டாமியாவின் எக்ஸ்ட்ரா தின் சிமென்ட் என்ற பசை ஒரு குப்பி வைத்து அனுப்புகிறவர்கள் உண்டு. அதில் இருப்பது அசிட்டோனும் பியூட்டைல் அசிட்டேட்டும். அசிட்டோனின் ஃப்ளாஷ் பாயிண்ட் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி. பெயிண்ட்டே தேவலை.

"கிராஃப்ட் சாமான்" என்று எழுதுவது

நான் வாயால் சொன்ன பொய்யைச் சிலர் எழுதியே கொடுக்கிறார்கள். 1996 மே 11 அன்று மயாமியிலிருந்து கிளம்பிய வேல்யூஜெட் 592 விமானம் சதுப்பு நிலத்தில் விழுந்து 110 பேர் இறந்தார்கள். சரக்கு அறையில் இருந்தவை காலாவதியான ஆக்சிஜன் ஜெனரேட்டர்கள். காலாவதி என்றாலும் உள்ளே ரசாயனம் அப்படியே இருந்தது. சரக்குச் சீட்டில் எழுதியிருந்தது "காலி" என்று. உங்கள் நாலு குப்பி விமானத்தை விழுத்தாது என்பீர்கள். பைக்குள் உங்களுடையது ஒன்றுதானா இருக்கிறது?

சிங்கப்பூர் மாமா

"மாமா வர்றார், சூட்கேஸ்ல போட்டு விடு" என்பது அடுத்த யோசனை. எரியும் பெயிண்ட் பயணியின் பெட்டியிலும் போகக் கூடாது, கைப்பையிலும் கூடாது. சென்ட் பாட்டிலுக்குத் தரும் சலுகை பெயிண்ட்டுக்குக் கிடையாது. அவரை மாட்டிவிடாதீர்கள்.

டிசம்பரில் டொராண்டோ

தண்ணீர் பெயிண்ட்டாக இருந்தாலும் குளிர்காலத்தில் அனுப்பாதீர்கள். உறைந்து உருகினால் தயிர் திரிந்த மாதிரி ஆகிவிடும்.

திருச்சித் தம்பியிடம் இவ்வளவும் சொன்னேன். நிறத்தின் எண்ணை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பு, வாங்குகிறவர் அந்த ஊர்க் கடையிலேயே வாங்கிக்கொள்ளட்டும் என்றும் சொன்னேன். எனக்கு அப்போது தோன்றாத யோசனை.

மிக்-21 என் அலமாரியில்தான் இருக்கிறது. பிட்டோ குழாய்க்குப் பதிலாக இன்சுலின் ஊசி ஒன்றை வெட்டி ஒட்டியிருக்கிறேன், உண்மையில் முன்னதைவிட அழகு. நண்பன் போன பொங்கலுக்கு வந்தபோது கையோடு எடுத்துப் போகச் சொன்னேன். விமானத்தின் மூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஏர்போர்ட்ல இந்த ஊசியைப் பத்தி நீயாடா வந்து பதில் சொல்லுவ?" என்று வைத்துவிட்டுப் போய்விட்டான்.