அப்டேட் ஆன மறுநாள் வைஃபை நொண்டுகிறதா? அவசரத்தில் செய்யும் தவறுகள்

ஒரு நாள் காலை எங்கள் வீட்டு வைஃபை திடீரென்று நொண்டத் தொடங்கியது. 200 எம்பிபிஎஸ் திட்டம். ரூட்டருக்கு நேர் எதிரே உட்கார்ந்து போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 38 காட்டியது. ரூட்டரின் ஆப்பைத் திறந்தேன். பின்னிரவு 3 மணிக்கு ஃபர்ம்வேர், அதாவது ரூட்டருக்குள் ஓடும் மென்பொருள், தானாகவே அப்டேட் ஆகியிருந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று நினைத்தேன். அடுத்த இரண்டு மணி நேரத்தில் கஸ்டமர் கேருக்கு இரண்டு போன் போட்டேன், ஒரு ஃபேக்டரி ரீசெட் செய்தேன், ஒரு புது ரூட்டரை ஆன்லைன் கார்ட்டிலும் போட்டு வைத்தேன். அதில் எதுவுமே தேவைப்பட்டிருக்கவில்லை.

அப்டேட் முடிந்ததும் ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். மாதக்கணக்கில் அணையாமல் ஓடிய பெட்டி அப்போது எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குகிறது. எந்தச் சேனலில் ஒலிபரப்புவது என்று மறுபடி தேர்ந்தெடுக்கிறது, வெளியிலிருந்து இணையம் வந்து சேரும் ஃபைபர் பெட்டியோடு வயர் வேகத்தை மறுபடி பேசி முடிக்கிறது, வீட்டிலுள்ள போன்களும் டிவியும் புதிதாக வந்து ஒட்டிக்கொள்கின்றன. புது ஃபர்ம்வேரில் பிழை இருப்பதும் உண்டுதான். ஆனால் இந்த ரீஸ்டார்ட்டில் வெளிப்படும் பழைய கோளாறுகளின் பழியும் அப்டேட்டின் தலையில்தான் விழுகிறது.

வைஃபையிலேயே அளந்து முடிவு கட்டுவது

நான் செய்த முதல் தவறு இதுதான். போனில் வரும் எண் மூன்று நான்கு விஷயங்கள் சேர்ந்து தருகிற எண்: இணைய இணைப்பு, ஃபைபர் பெட்டி, ரூட்டர், காற்றில் போகும் அலை. இதில் எது பழுது என்று அந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. லேப்டாப்பை லேன் வயர் மூலம் ரூட்டரில் சொருகி அளந்து பாருங்கள். வயரில் திட்டத்தின் வேகம் முழுதாக வந்தால் உங்கள் இணைப்பு நன்றாக இருக்கிறது, கோளாறு வைஃபையில். வயரிலும் குறைந்தால், ரூட்டரைத் தாண்டி ஃபைபர் பெட்டியிலேயே நேரடியாகச் சொருகிப் பாருங்கள். அங்கே சரியாக வந்தால் ரூட்டரையோ, இரண்டுக்கும் நடுவில் உள்ள வயரையோ சந்தேகப்படலாம். அங்கேயும் குறைந்தால் நிறுவனத்தைக் கூப்பிட வேண்டியதுதான். "ஃபைபர் பெட்டியிலேயே வயர் போட்டுப் பார்த்துவிட்டேன்" என்று சொன்னால், அணைத்து எரியவிடச் சொல்லும் படலம் கொஞ்சம் சீக்கிரம் முடியும்.

வயரில் அளக்கும்போது 93, 94 என்று வந்து நின்றால் அந்த எண்ணை மறக்காதீர்கள். 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் நடைமுறையில் கிடைக்கும் உச்சம் அதுதான். ஒன்று, உங்கள் ரூட்டரின் போர்ட்டே 100 தான். அல்லது வயர் கெட்டிருக்கிறது. லேன் வயருக்குள் எட்டு இழைகள், நான்கு ஜோடிகளாக இருக்கும். கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஒன்று அறுந்தாலும், முனையில் கிளிப் உடைந்து தொளதொளவென்று ஆடினாலும், பெட்டிகள் இரண்டும் பெரும்பாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நேற்றுவரை எப்படியோ தாக்குப்பிடித்த வயர், ரீஸ்டார்ட்டில் வேகத்தை மறுபடி பேசும்போது மாட்டிக்கொள்ளும். வயரை மாற்றினால் தீரும் விஷயத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புது ரூட்டர் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று, மாத டேட்டா வரம்பு. 'அன்லிமிடெட்' என்று விற்கும் பல ஃபைபர் திட்டங்களில் 3300 ஜிபி தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். அது முடிந்த நாளும் அப்டேட் ஆன நாளும் ஒன்றாக அமைவது தற்செயல்தான் என்றாலும் நடக்கக்கூடியது. கணக்கைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். அப்புறம், டவுன்லோடு 25 எம்பி வேகத்தில்தான் இறங்குகிறது என்று 200 எம்பிபிஎஸ் திட்டக்காரர் புலம்ப வேண்டாம். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

எடுத்தவுடன் ரீசெட் பட்டனை அமுக்குவது

ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. ஃபைபர் பெட்டி, ரூட்டர் இரண்டையும் அணைத்து, முதலில் ஃபைபர் பெட்டி, பிறகு ரூட்டர் என்று எரியவிடுவதில் எந்த நஷ்டமும் இல்லை. ஊசியால் அமுக்கும் ரீசெட் பட்டன் அப்படியல்ல. உங்கள் இணைப்பு யூசர்நேம், பாஸ்வேர்ட் கேட்கும் பிபிபிஓஇ வகையாக இருந்தால், அந்த விவரம் அழிந்துவிடும். சில இடங்களில் நிறுவனத்தின் நெட்வொர்க்கில் இணைப்பைப் பிரித்துக் காட்டும் விலான் எண் என்று ஒன்றும் போட வேண்டியிருக்கும். அதெல்லாம் இணைப்புக் கொடுக்க வந்த தம்பி தன் போனைப் பார்த்து அடித்துவிட்டுப் போனது. உங்களிடம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரீசெட் செய்துவிட்டு, திங்கட்கிழமை வரை இணையமே இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

ரீசெட் சில நேரம் தேவைதான். பழைய செட்டிங்கும் புது ஃபர்ம்வேரும் ஒத்துப்போகாமல் முட்டிக்கொள்ளும்போது அது பலன் தரும். ஆனால் முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். ரீசெட்டுக்குப் பின் பழைய பேக்கப் ஃபைலை அப்படியே ஏற்றினால், எந்தக் குப்பையைக் கழிக்க ரீசெட் செய்தீர்களோ அதுவும் திரும்ப வந்துவிடும். கையால் அடிப்பதே மேல்.

என்ன மாறியது என்று பார்க்காமல் விடுவது

என் வீட்டில் நடந்தது இதுதான். வைஃபை ஓடும் இரண்டு அலைவரிசைகளில் முன்பு 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு பெயர், 5 கிகாஹெர்ட்ஸுக்கு இன்னொரு பெயர் என்று தனித்தனியாக வைத்திருந்தேன். அப்டேட்டில் இரண்டையும் ஒரே பெயரில் சேர்க்கும் வசதி தானாக ஆன் ஆகிவிட்டது. 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் பட்டியலில் இருந்தே காணாமல் போனதை நான் கவனிக்கவில்லை. போனும் தனக்குத் தெரிந்த பெயரைப் பிடித்துக்கொண்டு 2.4-இல் உட்கார்ந்துவிட்டது. அக்கம்பக்கத்து வீடுகளின் ரூட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு என்று எல்லாரும் முட்டி மோதும் பேண்ட் அது. அங்கே 38 கிடைத்ததே பெரிது. மறுபடி பெயரைப் பிரித்ததும் 180-ஐத் தாண்டியது.

இதுபோல மாறக்கூடியவை இன்னும் சில உண்டு. 5 கிகாஹெர்ட்ஸில் சேனல் அகலம் 80 மெகாஹெர்ட்ஸிலிருந்து 20-க்கு இறங்கியிருந்தால் வேகம் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். 2.4-இல் நேர்மாறு: அங்கே 20 தான் நல்லது, சேனல் 1, 6, 11 இவற்றில் ஒன்று. 40-க்கு ஏற்றினால் பக்கத்து வீட்டுக்காரரும் நீங்களும் ஒருவரையொருவர் கெடுத்துக்கொள்வீர்கள். பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ2-ஏஇஎஸ் அல்லது டபிள்யூபிஏ3 இருக்க வேண்டும். டிகேஐபி என்ற பழைய பூட்டு முறை மட்டும் என்று ஆகியிருந்தால் எவ்வளவு நல்ல ரூட்டரும் 54 எம்பிபிஎஸ்-க்கு மேல் இணையாது.

அதிகம் பேர் தவறவிடுவது க்யூஓஎஸ். எந்தக் கருவிக்கு முன்னுரிமை என்று வகுக்கும் வசதி அது. முன்பு 50 எம்பிபிஎஸ் திட்டத்தில் இருந்தபோது அதில் 50 என்று அடித்து வைத்திருப்போம். அது மறுபடி ஆன் ஆனால் உங்கள் 200, 50 ஆகிவிடும். க்யூஓஎஸ், பெற்றோர் கட்டுப்பாடு, யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்ற கணக்கு போன்றவை ஓடும்போது, பல ரூட்டர்கள் டேட்டாவை வேகமாகக் கடத்தும் தனிச் சில்லைப் பயன்படுத்தாமல் எல்லாவற்றையும் சின்னப் பிராசஸரிலேயே செய்யும். மலிவான பெட்டிகள் அங்கேதான் மூச்சு வாங்கும். அவற்றை அணைத்துவிட்டு வயரில் ஒருமுறை அளந்து பாருங்கள்.

பழைய ஃபர்ம்வேருக்கு ஓடுவது

பழைய பதிப்பைத் திரும்ப ஏற்ற எல்லா ரூட்டரும் விடாது. விட்டாலும், பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வி1, வி2 என்று ஹார்டுவேர் எண்ணைப் பார்க்க வேண்டும். மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே சில்லு வேறாக இருக்கும், தவறான ஃபைலை ஏற்றினால் ரூட்டர் வெறும் பிளாஸ்டிக் டப்பா ஆகிவிடும். நடுவில் கரண்ட் போனாலும் அதே கதிதான். மினி யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். இணைய நிறுவனம் கொடுத்த பெட்டி என்றால் இந்தப் பேச்சே இல்லை. அதை அவர்கள் தொலைவிலிருந்தே அப்டேட் செய்கிறார்கள்.

இந்தக் கோபத்தில் தானியங்கி அப்டேட்டை நிரந்தரமாக அணைத்து வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2017-இல் 'கிராக்' என்ற பாதுகாப்பு ஓட்டை டபிள்யூபிஏ2-விலேயே இருப்பது தெரியவந்தது. அடுத்த ஆண்டு விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ரூட்டர்களிலும் சேமிப்புப் பெட்டிகளிலும் புகுந்திருந்தது வெளியானது. வேகம் குறைந்தால் சரிசெய்துகொள்ளலாம், இது அப்படியல்ல.

அட்டைப்பெட்டி எண்ணைப் பார்த்து வாங்குவது

சரி, எல்லாம் பார்த்தாகிவிட்டது, புதிதுதான் வேண்டும் என்றால், பெட்டியில் பெரிதாக அச்சடித்த எண்ணை நம்பாதீர்கள். ஏசி1200 என்பது 2.4-இல் 300-ம் 5-இல் 867-ம் கூட்டி வரும் 1167-ஐ 1200 என்று முழு எண்ணாகச் சொல்வது. உங்கள் போன் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இருக்கும், அதிலும் காகிதத்தில் உள்ள வேகத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் கையில் வரும். அதைவிட முக்கியம், அந்த விலையில் கிடைக்கும் பல ரூட்டர்களில் போர்ட் எல்லாம் 100 எம்பிபிஎஸ். அதில் 200 திட்டத்தைப் போடுவது குடத்து நீரைப் புனலில் ஊற்றுகிற வேலை. 'கிகாபிட் போர்ட்' என்ற சொல்லைத் தேடுங்கள்.

புதிய தலைமுறையான வைஃபை 7-ஐப் பார்த்து ஆசைப்படுபவர்களுக்கு ஒன்று. அதன் பெரிய கவர்ச்சியான 320 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் 6 கிகாஹெர்ட்ஸ் பேண்டில்தான் கிடைக்கும். இந்தியாவில் 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமமின்றித் திறக்கும் வரைவு விதிகளே 2025 மே மாதத்தில்தான் வெளிவந்தன. கடையில் 'டூயல் பேண்ட் வைஃபை 7' என்று இருந்தால் அதில் 6 கிகாஹெர்ட்ஸே இல்லை என்று பொருள். இருபது முப்பது கருவிகள் உள்ள வீட்டுக்குக் கிகாபிட் போர்ட்டோடு கூடிய வைஃபை 6 போதும் என்பது என் கருத்து.

மாடிக்கு சிக்னல் எட்டவில்லை என்பது வேறு நோய். கான்கிரீட் தளத்தையும் இரும்பு பீரோவையும் எந்த ரூட்டரும் துளைத்துக்கொண்டு போகாது. மலிவான ரிப்பீட்டர் வாங்கிப் பாதி வழியில் மாட்டினால், ஒரே அலையில் கேட்டு அதையே திரும்பச் சொல்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஒரு வயரை மேலே இழுத்து, பழைய ரூட்டரை, வயரில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்ப மட்டும் செய்யும் ஆக்சஸ் பாயிண்டாக மாற்றி வைப்பது எவ்வளவோ மேல். அந்த மோடில் போடாமல் சும்மா சொருகினால் இரண்டு ரூட்டரும் தனித்தனி நெட்வொர்க் நடத்தும், கீழே இருக்கும் பிரிண்டர் மேலிருந்து தெரியாமல் போகலாம்.

கார்ட்டில் கிடந்த புது ரூட்டரை நீக்கிவிட்டு 15 மீட்டர் கேட் 6 வகை லேன் வயர்தான் வாங்கினேன். சுவருக்குள் போன பைப்பில் டிஷ் கேபிள் அடைத்துக்கொண்டிருந்ததால் அது படிக்கட்டு ஓரமாக ஏறுகிறது. பரணில் கிடந்த பழைய ரூட்டர் இப்போது மாடி அறையில். அங்கே 160 வருகிறது.