வாப்பாவுக்கும் ஒரு துண்டு வட்டலப்பம்: சீனியைக் குறைத்து ஓவனில் செய்யும் முறை

சர்க்கரை நோய் உள்ளவருக்கு இனிப்புச் செய்யப் புறப்படுகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது கருப்பட்டியைத்தான். எங்கள் கீழக்கரையில் இந்தப் பழக்கம் இன்னும் அதிகம். சாயல்குடிப் பக்கத்துப் பனங்காட்டிலிருந்து நல்ல கருப்பட்டி வருகிறது. அதன் மணத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். "சீனிதான் கெடுதல், கருப்பட்டி மருந்து" என்று சொல்லிச் சொல்லியே என் வாப்பாவுக்குக் கருப்பட்டிப் பணியாரமும் கருப்பட்டிக் காப்பியும் கொண்டுவந்து கொடுத்த உறவினர்கள் நிறைய. அவர்களுடைய அன்பில் குறையே இல்லை. ஆனால் கருப்பட்டியின் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் அப்படித்தான். தேனில் இருப்பது பெரும்பாலும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும், அவையும் சர்க்கரைதான். நிறமும் மணமும் சிறிது தாதுச்சத்தும் வேறு. இரத்தத்தில் போய்ச் சேர்வது ஒன்றே. காய்ந்த பேரீச்சம்பழத்திலும் முக்கால் பங்குக்கு அருகே சர்க்கரைதான்.

ஆகவே எதைப் போடுகிறோம் என்பதைவிட ஒரு துண்டுக்கு எத்தனை கிராம் போகிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன். ஒரு சின்ன மின்னணுத் தராசு வாங்கி வையுங்கள். இந்தச் சமையலில் ஓவனைவிட அதுதான் முக்கியம். வட்டலப்பம் என்பது முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் கலந்து வேகவைக்கும் இனிப்பு. எங்கள் வீட்டில் வழக்கமாக ஆறு முட்டை வட்டலப்பத்துக்குக் கால் கிலோ கருப்பட்டி போகும். எட்டுத் துண்டு போட்டால் ஒரு துண்டுக்கு 30 கிராமுக்கு மேல். நான் இப்போது போடுவது மொத்தம் 40 கிராம். ஒரு துண்டுக்கு 5 கிராம், அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிச் சீனி. மணத்துக்கு அது போதும். மீதி இனிப்பை வேறு வழியில் கொண்டுவரலாம்.

எல்லா இனிப்பையும் இப்படி மாற்ற முடியாது. தொதலை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி மூன்றையும் மணிக்கணக்கில் கிண்டித் திரட்டுவது அது. அதன் உடலே சர்க்கரையும் மாவும்தான். இனிப்பூட்டி போட்டுக் கிண்டினால் கிடைப்பது தொதல் இல்லை. பெருநாளன்று கட்டைவிரல் நுனி அளவுக்கு நல்ல தொதல் ஒரு துண்டு கொடுத்துவிடுவது மேல். அதுவும் அவருடைய டாக்டர் சம்மதித்தால்தான். வட்டலப்பத்தின் கதை வேறு. முட்டையும் தேங்காய்ப்பாலும் அதைத் தாங்கி நிற்கின்றன, மாவு கிடையாது. முட்டையில் மாவுச்சத்து இல்லையென்றே சொல்லலாம். சீனியைக் குறைத்தாலும் அது வட்டலப்பமாகவே இருக்கும். கேக் செய்வதானால் மைதாவை விட்டுப் பாதாம் மாவுக்குப் போக வேண்டும். ராகி கேக் என்று எழுதி விற்கிறார்கள். ராகி நல்ல தானியம், நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் உண்டு. ஆனாலும் 100 கிராம் ராகியில் 65 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. ராகி என்ற பெயரை நம்பி இரண்டு துண்டு கூடுதலாகச் சாப்பிட வேண்டாம்.

இனிப்பூட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அஸ்பர்டேம் உள்ளதை ஓவனில் வைக்காதீர்கள்; சூட்டில் இனிப்பு போய்விடும். சுக்ரலோஸும் சீனித்துளசிச் சாறும், அதாவது ஸ்டீவியாவும், நமது சூட்டைத் தாங்கும். எரித்ரிடால் சீனியைப் போலவே பொடியாக இருக்கும், இனிப்பு சீனியில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவு, ஆறியதும் நாக்கில் குளிர்ச்சி தட்டும். இரத்தத்தில் எரித்ரிடால் அதிகம் உள்ளவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாகக் காணப்பட்டதாக 2023-இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. அதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவிவிடவில்லை. ஆனால் வாப்பாவுக்கு இருதய மாத்திரையும் உண்டு என்பதால் நான் அதைத் தவிர்க்கிறேன். என் கையில் இருப்பது ஸ்டீவியாச் சொட்டு. கூடிப்போனால் கசக்கும், எனவே சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கடையில் 'சுகர் ஃப்ரீ' என்று விற்கும் பிஸ்கட், சாக்லேட் வாங்கும்போது பின்பக்கத்தைப் படியுங்கள். மைதா இருக்கும், சிலவற்றில் மால்டிடால் என்ற இனிப்பூட்டி இருக்கும். மால்டிடால் இரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றும், அதிகம் தின்றால் வயிற்றையும் கலக்கும்.

ஓவன் வட்டலப்பம்

ஆறு முட்டை, 350 மில்லி கெட்டித் தேங்காய்ப்பால், 40 கிராம் கருப்பட்டி, ஏலக்காய் ஐந்து, ஒரு சிட்டிகை சாதிக்காய்ப் பொடி, ஒரு சிட்டிகை உப்பு, மேலே தூவச் சீவிய பாதாம், தேவையான ஸ்டீவியா. முந்திரி வழக்கம்தான், ஆனால் பாதாமைவிட அதில் மாவுச்சத்து அதிகம்.

தேங்காய்ப்பாலைக் குடிதண்ணீரில் பிழியுங்கள். இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், நம் கடற்கரையில் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. கால் கிலோ கருப்பட்டி போடும்போது அந்த உவர்ப்பு வெளியே தெரியாது. 40 கிராம் மட்டும் போடும்போது முதல் வாயிலேயே தெரிந்துவிடும். காவிரிக் குடிநீர் வரும் நாளில் பிடித்து வைத்ததோ, விலைக்கு வாங்கிய குடத்துத் தண்ணீரோ, அதையே பயன்படுத்துங்கள். முதல் பால் மட்டும் போதும். கொழுப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் பாதி தேங்காய்ப்பால், பாதி பசும்பால் வைக்கலாம். பசும்பாலில் 100 மில்லிக்கு 5 கிராம் அளவு பால் சர்க்கரை உண்டு. எட்டுத் துண்டில் பிரிந்தால் துண்டுக்கு ஒரு கிராம்தான் கூடும்.

கருப்பட்டியைத் தட்டி, மூன்று மேசைக்கரண்டித் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். அடியில் மண் தங்கும். ஆறிய பிறகு அதைத் தேங்காய்ப்பாலில் ஊற்றி, ஏலக்காயும் சாதிக்காயும் உப்பும் சேருங்கள். இனிப்பைச் சரிபார்க்க வேண்டியது இந்த இடத்தில், முட்டை சேர்ப்பதற்கு முன்பு. பச்சை முட்டை சேர்ந்த பிறகு ருசி பார்க்கக் கூடாது. இரண்டு சொட்டு ஸ்டீவியா விட்டுக் கலக்கி, நாக்கில் வைத்துப் பாருங்கள்; போதவில்லை என்றால் இன்னும் இரண்டு. முட்டை சேரும்போது இனிப்பு மட்டுப்படும் என்பதால் பாலில் சற்றுத் தூக்கலாக இருக்கட்டும். ஏலக்காய் தாராளமாக இருந்தால் நாக்கு இன்னும் இனிப்பாக உணரும்.

முட்டையைத் தனிப் பாத்திரத்தில் உடைத்துக் கலக்குங்கள். நுரைக்க அடிக்காதீர்கள். நுரை வந்தால் வெந்த பின் உள்ளே பொத்தல் பொத்தலாக நிற்கும். இரண்டையும் சேர்த்து மெல்லிய வடிகட்டியில் ஊற்றினால் முட்டையின் நூல்கள் மேலே தங்கிவிடும். ஏழு அங்குலப் பாத்திரத்தில் நெய் தடவி ஊற்றி, அலுமினியத் தாளால் மூடுங்கள். அந்தப் பாத்திரத்தைப் பெரிய தட்டில் வைத்து, பாதி உயரத்துக்குச் சுடுதண்ணீர் விட்டு, முன்பே சூடேற்றிய ஓவனில் 150 டிகிரியில் வையுங்கள்.

இனி நேரத்தில் கவனம் வேண்டும். சர்க்கரை இருக்கும்போது முட்டை மெதுவாக இறுகும். சர்க்கரை குறைந்தால் அது முன்கூட்டியே இறுகிவிடும். பழைய கணக்கை நம்பி விட்டுவிட்டால் ஓரம் ரப்பராகி, தண்ணீர் பிரிந்து நிற்கும். நாற்பதாவது நிமிடத்திலேயே தாளைச் சற்று விலக்கிப் பாத்திரத்தைத் தட்டிப் பாருங்கள். ஓரம் அசையக் கூடாது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் மெல்ல ஆட வேண்டும். அப்போதே எடுத்துவிடுங்கள், உள்ளே இருக்கும் சூட்டில் மீதி வெந்துவிடும். அலையாக ஆடினால் ஐந்தைந்து நிமிடமாகக் கூட்டுங்கள். நடுவில் மின்சாரம் போனால் ஓவன் கதவைத் திறக்க வேண்டாம். சுடுதண்ணீர் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். ஓவன் இல்லாதவர்கள் இட்லிச் சட்டியில் மிதமான ஆவியில் இதையே வேகவைக்கலாம், நேரம் இன்னும் குறையும்.

சூடாக வெட்டாதீர்கள். ஆறவைத்து, குளிர்சாதனப் பெட்டியில் நான்கு மணி நேரம் இருந்த பிறகு கத்தி சுத்தமாக இறங்கும். கருப்பட்டி மணமும் அப்போதுதான் மேலே வரும். வாப்பா முதல் துண்டை மூக்கருகே கொண்டுபோய், "சாயல்குடிச் சரக்கா?" என்று கேட்டார்கள். 5 கிராம்தான் இருந்தது அதில்.

பாதாம் தேங்காய் கேக்

இதற்கு 150 கிராம் பாதாம் மாவு, சீனி சேர்க்காத உலர்ந்த தேங்காய்த் துருவல் 50 கிராம், முட்டை நான்கு, உருக்கிய வெண்ணெய் 60 கிராம், கெட்டித் தயிர் அரைக் கோப்பைக்குச் சற்றுக் குறைய, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, ஏலக்காய், உப்பு. இனிப்பூட்டி, டப்பாவில் எழுதியிருக்கும் கணக்குப்படி 100 கிராம் சீனிக்கு ஈடான அளவு.

கேக்கில் சீனி இனிப்புக்கு மட்டும் இருப்பதில்லை. ஈரத்தைப் பிடித்து வைப்பது, வெண்ணெயோடு சேர்ந்து காற்றை அடக்குவது, மேலே பொன்னிறம் தருவது எல்லாம் அதன் வேலைகள். அது போனதும் ஒவ்வொன்றுக்கும் ஆள் வைக்க வேண்டும். ஈரத்துக்குத் தயிர். காற்றுக்கு முட்டை வெள்ளை: மஞ்சளைப் பிரித்து, வெள்ளையைக் குச்சியாக நிற்கும் வரை அடித்து, கடைசியில் மூன்று தவணையாக மடித்துச் சேருங்கள். நிறத்துக்குத் துருவலை முதலில் வெறும் சட்டியில் இளஞ்சிவப்பாக வறுத்துக்கொள்ளுங்கள். ஓவனில் 170 டிகிரி, முப்பது முதல் முப்பத்தைந்து நிமிடம். மேலே வெளிறித்தான் இருக்கும்; நிறம் வரட்டும் என்று காத்திருந்தால் உள்ளே காய்ந்துவிடும். குச்சி குத்திப் பார்த்து ஒட்டாவிட்டால் எடுத்துவிடுங்கள். பத்துத் துண்டு போட்டால் ஒரு துண்டில் நார்ச்சத்து போக மீதி மாவுச்சத்து 3 கிராமைத் தாண்டாது. ஆனால் பாதாமும் வெண்ணெயும் சேர்ந்து துண்டுக்கு 200 கலோரி அளவு வந்துவிடும், ஆகவே ஒன்றோடு நிறுத்த வேண்டும்.

சீனி கெடாமலும் காக்கும். அது இல்லாத பண்டம் நம் கடற்கரைப் புழுக்கத்தில் மறுநாளே பூஞ்சை பிடிக்கும். கேக்கையும் வட்டலப்பத்தையும் மூடிய டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். பாதாம் மாவையும் அதிலேயே வையுங்கள். வெளியே வைத்தால் ஈரம் இழுத்துக் கட்டிதட்டும்.

பரிமாறும் விதத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. வாப்பாவுக்குத் தனித் தட்டு, மற்றவர்களுக்கு வேறு தட்டு என்று வைக்காதீர்கள். பெருநாள் விருந்தில் எல்லோரும் ஒரே சஹனை, அதாவது பலர் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டை, சுற்றி உட்கார்ந்து சாப்பிட்ட மனிதருக்கு முன்னால் தனிக் கிண்ணத்தை நகர்த்தி வைப்பது அவரை நோயாளி என்று எழுதி ஒட்டுவதாகும். அவர் பிறகு யாருக்கும் தெரியாமல் தொதலைத் தேடிப் போவார். ஒரே வட்டலப்பம், எல்லோருக்கும் அதுவே. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பும் அதிகம். குறைந்த இனிப்புக்கு நாங்களும் நாக்கைப் பழக்கிக்கொள்வது எங்களுக்கும் நல்லது. என் பிள்ளைகள் இப்போது கடை அல்வாவை இரண்டாவது வாய் கேட்பதில்லை.

வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள். காய்கறியும் மீன் ஆணமும் (குழம்பும்) முன்னால் போகட்டும், சோறு பின்னால், அன்றைக்கு ஒரு கைப்பிடி சோறு குறைவு, கடைசியில் இனிப்பு. சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் இன்னும் நல்லது. புதிய பண்டம் எதைச் செய்தாலும் சாப்பிடுவதற்கு முன்பும், சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதி வையுங்கள். பலருக்கு 180-க்குள் இருக்க வேண்டும் என்பார்கள். வயதையும் மற்ற நோய்களையும் பொறுத்து இலக்கு மாறும், உங்கள் டாக்டர் சொன்ன எண்தான் உங்களுக்கு. ஒருவருக்கு ஏறாதது இன்னொருவருக்கு ஏறும். நோன்பு பிடிப்பதானால் மாத்திரை நேரத்தையும் இஃப்தார் உணவையும் ரமலானுக்கு முன்பே டாக்டரிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிபிரைட் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இன்னும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்கும்போது பதறிப்போய்ப் பெட்டியைத் திறந்து இந்த இனிப்பைக் கொடுத்துவிடுவார்கள். அதனால் பயன் இல்லை, இதில் ஏற்றுவதற்குச் சர்க்கரையே போதாது. நினைவோடு இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள், அல்லது 15 கிராம் குளுக்கோஸ். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள், ஏறவில்லை என்றால் மறுபடியும் கொடுங்கள். மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நான் டப்பாவின் மூடியில் "சீனி குறைவு, லோ சுகருக்கு ஆகாது" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். குளுக்கோஸ் பாக்கெட் எங்கே இருக்கிறது என்பது உம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் தெரியும்.