மோட்ஃப்ளோவில் கிணறு வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் 'நான்கு தேசியக் குழாய்கள்' எனப்படும் நீர் ஆதாரங்களில் நிலத்தடி நீர் இல்லை. ஆனாலும் எம்ஆர்டி நிலையத்துக்கோ கட்டட அடித்தளத்துக்கோ ஆழமாகக் குழி தோண்டினால் தண்ணீரை இறைத்துத்தான் ஆக வேண்டும். சுற்றுவட்டாரத்தில் நீர்மட்டம் எவ்வளவு இறங்கும் என்று பார்க்கத்தான் மோட்ஃப்ளோ என்ற நிலத்தடி நீரோட்டக் கணினி மென்பொருளில் மாதிரி போடுகிறோம். கணக்கு பிழையில்லாமல் ஓடி முடிந்துவிட்டால் விடையும் சரி என்று நம்பிவிடுகிறோம், வம்பு அங்கேதான்.

மாதிரியில் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறோம், ஒவ்வொரு கட்டமும் ஒரு செல். செல்லின் நீர்மட்டத்தை அப்படியே கிணற்றின் நீர்மட்டமாக அறிக்கையில் எழுதிவிடுவது பரவலான தவறு. 10 மீட்டர் சதுரச் செல்லின் நடுவில் கிணறு இருந்தால், மென்பொருள் தரும் எண் கிணற்றிலிருந்து சுமார் 2 மீட்டர் தள்ளி உள்ள மட்டத்துக்குத்தான் பொருந்தும். கிணற்றின் ஆரம் 0.1 மீட்டர், நீர்கடத்துதிறன் (மண் அடுக்கு தண்ணீரை எவ்வளவு எளிதாகக் கடத்தும் என்ற அளவு) நாளுக்கு 20 சதுர மீட்டர், இறைப்பு நாளுக்கு 50 கன மீட்டர் என்று வைத்து, கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் இறங்குவதைக் கணக்கிடும் தீம் (Thiem) சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். கிணற்றுக்குள் மட்டம் இன்னும் 1.2 மீட்டர் கீழே இருக்கும். பம்ப்பை எந்த ஆழத்தில் இறக்குவது என்று முடிவு செய்பவருக்கு இது சின்ன விஷயமா? கிணற்றைச் சுற்றிச் செல்களைச் சிறிதாக்குங்கள், இல்லையென்றால் இந்த வித்தியாசத்தைத் தனியாகக் கணக்கிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரின் காலாங் படிவம் என்ற மண் தொகுதியிலுள்ள கடல் களிமண்ணை மாதிரியில் ஒரே அடுக்காக வைப்பது இன்னொரு தவறு. அடியிலுள்ள மணலில் இறைத்தால் மணலில் அழுத்தம் சட்டென்று குறையும். களிமண்ணோ அடிப்பக்கத்திலிருந்து மெல்ல மெல்லத்தான் தண்ணீரை விடும். தரை இறங்குவதும் அந்த வேகத்தில்தான். களிமண்ணைப் பல மெல்லிய அடுக்குகளாகப் பிரித்து, காலத்தோடு மாறும் கணக்காக ஓட்டினால்தான் இந்தத் தாமதம் தெரியும்.

அப்புறம் சில்லறைத் தவறுகள். இறைப்புக்கு எதிர்மறைக் குறி போட மறந்தால் கிணறு தண்ணீரை உள்ளே செலுத்தும். நொடிக்கு மீட்டரும் நாளுக்கு மீட்டரும் கலந்தால் விடை 86,400 மடங்கு தவறும். பழைய பதிப்புகளில் செல் வற்றினால் அதிலுள்ள கிணறு சத்தமில்லாமல் நின்றுவிடும். நீர்ச் சமன்பாட்டில் (உள்ளே வந்த நீருக்கும் வெளியேறிய நீருக்குமான கணக்கில்) பிழை பூஜ்யம் என்றே காட்டும், நீங்கள் கொடுத்த இறைப்பு அளவு மட்டும் அதில் இருக்காது.

கடைசியாக மாதிரியின் எல்லை. நிலையான நீர்மட்ட எல்லையைக் கிணற்றுக்குப் பக்கத்திலேயே வைத்தால் அது வற்றாமல் தண்ணீர் ஊட்டிக்கொண்டே இருக்கும், மட்டம் உண்மையைவிடக் குறைவாக இறங்குவதாகவே காட்டும். எல்லையை இரு மடங்கு தூரத்துக்குத் தள்ளி மறுபடி ஓட்டுங்கள். கிணற்றருகே எண்கள் மாறினால் எல்லை இன்னும் தள்ளிப் போக வேண்டும்.