போர்க்காலத்தில் விழுந்த விமானத்தை ஆவணங்களில் தேடுவது எப்படி

இரண்டாம் உலகப் போரில் ஒரு விமானம் திரும்பி வராவிட்டால், அதைப் பற்றிப் பல அலுவலகங்கள் பல தாள்களை எழுதின. ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவு ஒன்று எழுதியது, விமான தளம் ஒன்று எழுதியது, கணக்குப் பிரிவு ஓர் அட்டையில் குறித்தது, எதிரியும் தன் பங்குக்கு எழுதினான். இவற்றில் ஒன்றை மட்டும் படித்துவிட்டு முடிவுக்கு வருவதால்தான் தவறான விவரங்கள் தலைமுறை தாண்டியும் சுற்றுகின்றன. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு பதிவுகள் ஒத்துப்போகும்வரை எதையும் உறுதி என்று எழுதாதீர்கள்.

முதலில் தேவைப்படுபவை மூன்று: தேதி, ஸ்குவாட்ரன், விமானத்தின் தொடர் எண். இரண்டு கிடைத்தால் மூன்றாவதைப் பெரும்பாலும் பிடித்துவிடலாம். வீரரின் பெயர் மட்டும் தெரியுமானால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தொடங்குங்கள். 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இறந்த பிரிட்டிஷ், இந்திய, கனடிய, ஆஸ்திரேலிய வீரர்கள் அதில் இருக்கிறார்கள். இறந்த தேதியும் பிரிவும் கிடைத்ததும் அதே தேதி, அதே ஸ்குவாட்ரன் என்று மறுபடி தேடினால் உடன் பறந்தவர்கள் பெயர்களும் வரும். லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் வழக்கமாக ஏழு பேர். ஐந்து பெயர்தான் வருகிறது என்றால் மற்ற இருவர் பாராசூட்டில் குதித்துச் சிறைப்பட்டிருக்கலாம். உடல் கிடைக்காதவர்களின் பெயரும் இதே பட்டியலில், ஒரு நினைவுச் சின்னத்தின் கீழ் வரும். பிரிட்டனிலிருந்தும் வடமேற்கு ஐரோப்பாவிலிருந்தும் பறந்து, கல்லறை இல்லாமல் போன 20,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் இங்கிலாந்தின் ரன்னிமீட் நினைவிடத்தில் உள்ளன. தென்கிழக்கு ஆசியாவில் மறைந்தவர்களுக்குச் சிங்கப்பூர் கிராஞ்சியில் பாருங்கள்.

கல்லறை இருக்கும் ஊரை விமானம் விழுந்த ஊர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. போர் முடிந்தபின் சிதறிக் கிடந்த தனிக் கல்லறைகளைத் தோண்டி, உடல்களைப் பெரிய கல்லறைத் தோட்டங்களுக்கு மாற்றினார்கள். ஆணையத்தின் பக்கத்தில் 'மறு அடக்கப் பட்டியல்' இணைக்கப்பட்டிருந்தால் முதலில் புதைத்த இடத்தின் வரைபடக் குறியீடு அதில் இருக்கும். அதுவே விபத்து இடத்துக்கு நெருக்கமான தடயம்.

அடுத்தது ஸ்குவாட்ரனின் நடவடிக்கைப் பதிவேடு. பிரிட்டிஷ் பதிவேடுகள் லண்டனில் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ஏர் 27' என்ற வரிசையில் இருக்கின்றன. விமான தளங்களுடையவை 'ஏர் 28'. ஒவ்வொன்றிலும் இரண்டு படிவங்கள் உண்டு. ஃபார்ம் 540 அன்றாட நிகழ்வுகளின் சுருக்கம். ஃபார்ம் 541-இல் எந்த விமானம், யார் யார், எப்போது கிளம்பியது, எப்போது இறங்கியது என்பது வரிசையாக இருக்கும். திரும்பாத விமானத்துக்கு இறங்கிய நேரம் காலியாக இருக்கும். எதிரே 'காணவில்லை' என்ற அளவில் ஒரு வரி. அதற்குமேல் அதில் எதிர்பார்க்காதீர்கள். எழுதிய குமாஸ்தாவுக்கு அன்றிரவு அவ்வளவுதான் தெரியும்.

உதாரணமாக, 1942 ஏப்ரல் 4 அன்று இலங்கையின் கொக்கலையிலிருந்து கிளம்பிய 413-ஆம் ஸ்குவாட்ரனின் கேட்டலினா ரக நீர்விமானம் ஏஜே155, ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டது. தளத்தில் இருந்தவர்களுக்குச் செய்தி பாதியில் நின்றது மட்டுமே தெரியும். தளபதி லியோனர்ட் பிர்ச்சல் உட்பட ஆறு பேரை ஜப்பானியக் கப்பல் ஒன்று சிறைபிடித்தது என்பது அந்தப் பதிவேட்டில் எப்படி இருக்க முடியும்? அதற்குச் சிறைமீண்டவர் அறிக்கைகளுக்கும் ஜப்பானியப் பதிவுகளுக்கும் போக வேண்டும். இது கனடிய ஸ்குவாட்ரன் என்பதால் கனடியர்களின் பணிக் கோப்புகளை ஒட்டாவாவில் தேட வேண்டும். உடன் இருந்த பிரிட்டிஷ் வீரர்களின் கோப்புகள் பிரிட்டனில். மறுநாள் கொழும்புத் தாக்குதலில் வீழ்ந்த ஆறு சோர்ட்ஃபிஷ் விமானங்கள் பிரிட்டிஷ் கடற்படையின் 788-ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்தவை. விமானப்படைப் பதிவேட்டில் அவற்றை எவ்வளவு தேடினாலும் வராது. கடற்படை ஆவணங்களில்தான் பார்க்க வேண்டும். எந்தப் படை என்பதை முதலில் தீர்த்துக்கொண்டால் இந்த வீண் அலைச்சல் மிச்சம்.

இரவுத் தாக்குதல் என்றால் தேதியில் கவனம். தளத்தில் கிளம்பியது 30-ஆம் தேதி, விழுந்தது 31 அதிகாலை என்றால் ஆவணத்துக்கு ஆவணம் தேதி மாறும். அதனால்தான் ஆய்வாளர்கள் '30/31 மார்ச் 1944' என்று இரட்டைத் தேதி போடுகிறார்கள். நீங்களும் அப்படியே எழுதுங்கள். மணிக்கணக்கிலும் இதே சிக்கல்: 1941 முதல் 1945 வரை பிரிட்டனில் கோடையில் கடிகாரம் கிரீன்விச் நேரத்தைவிட இரண்டு மணி முன்னே ஓடியது. பதிவில் எந்த நேரம் என்று பார்க்காமல் ஒரு ஜெர்மன் விமானியின் உரிமைகோரலோடு (தான் வீழ்த்தியதாக அவர் சொன்ன கணக்கோடு) பொருத்தினால், வேறொருவரின் விமானத்தை அவர் கணக்கில் எழுதிவிடுவோம்.

விமானத்தின் உடலில் பெரிதாக எழுதிய ஸ்குவாட்ரன் எழுத்துகள் அடையாளம் ஆகாது. ஒரு விமானம் போனால் புதிதாக வந்ததற்கு அதே எழுத்தை வைப்பார்கள். தொடர் எண் மட்டுமே மாறாதது. எண் வரிசையில் வேண்டுமென்றே இடைவெளி விட்டுத்தான் கொடுத்தார்கள், எதிரி உற்பத்தியைக் கணக்கிடக் கூடாது என்பதற்காக. ஆகவே பதிவேட்டில் உள்ள எண் அந்த இடைவெளிக்குள் விழுந்தால் அது தட்டச்சுப் பிழை என்று உடனே தெரிந்துவிடும்.

விபத்தா, எதிரி சுட்டதா?

இந்தக் கேள்வியில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். 1943 டிசம்பர் 16/17 இரவு பெர்லின் தாக்குதலில் 25 லங்காஸ்டர்கள் திரும்பவில்லை. திரும்பி வந்தவற்றில் மேலும் 29, இங்கிலாந்தில் தளங்களை மூடிய தாழ்ந்த மேகத்தால் மோதி நொறுங்கின அல்லது கைவிடப்பட்டன. 'இழப்பு 25' என்று ஒரு பட்டியலும் அதன் இரு மடங்குக்கு மேல் இன்னொரு பட்டியலும் சொல்வது இதனால்தான். இரண்டுமே சரி, எண்ணிய பொருள் வேறு. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் பிரிவில் இறந்த 55,573 பேரில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பயிற்சியிலும் பிற விபத்துகளிலும் இறந்தவர்கள். எதிரியின் முகத்தையே பார்க்காமல் போன அவர்களைப் 'போர் இழப்பு' பட்டியல்கள் விட்டுவிடுவது பெரிய அநீதி.

இதைப் பிரித்தறிய இரண்டு அட்டைகள் வேண்டும். ஃபார்ம் 78 விமானத்தின் பயண அட்டை: எந்தப் பிரிவுக்கு எப்போது போனது, எப்படி முடிந்தது. முடிவில் 'எஃப்பி' என்றிருந்தால் போர்ப் பறப்பு, 'எஃப்ஏ' என்றால் பறக்கும்போது விபத்து. சேத வகை 'ஈ' என்றால் இனி பழுதுபார்க்க முடியாதது. ஃபார்ம் 1180 விபத்து அட்டை: காரணம், விமானியின் பறந்த மணிகள், விசாரணை முடிவு எல்லாம் நெருக்கிச் சுருக்கெழுத்தில் இருக்கும். 'விமானியின் தவறு' என்று முடித்திருந்தால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். விமானி இறந்துவிட்டபோது மறுத்துப் பேச ஆள் இல்லை. வானிலை, அந்த ரகத்தில் அவர் பறந்த மணிநேரம், எஞ்சின் பழுது இவற்றை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே காரணத்தை எழுதுங்கள்.

அமெரிக்க விமானங்களுக்கு வழி வேறு. 1943 நடுப்பகுதியிலிருந்து, காணாமற்போனதாக அறிவித்த இரண்டு நாளுக்குள் 'காணாமற்போன விமானக் குழு அறிக்கை' எழுத வேண்டும் என்பது விதி. இதில் கடைசியாகக் கண்ட இடம், வானிலை, கண்டவர்கள் வாக்குமூலம், குழுவினர் பட்டியல் ஆகியவற்றோடு எஞ்சின் எண்களும் இயந்திரத் துப்பாக்கி எண்களும் இருக்கும். பின்னாளில் காட்டில் கிடைத்த ஒரு துப்பாக்கியை வைத்தே விமானத்தை அடையாளம் காண்பது இதனால் சாத்தியம். சொந்த மண்ணில் விழுந்து உடல்களும் கிடைத்துவிட்டால் பெரும்பாலும் இந்த அறிக்கை எழுதப்பட்டிருக்காது. அப்போது 'ஃபார்ம் 14' விபத்து அறிக்கையை அலபாமாவின் மாக்ஸ்வெல் விமானப்படைத் தளத்தில் உள்ள வரலாற்று ஆய்வகத்திடம் கேட்க வேண்டும். வால் எண்ணைப் படிக்கும்போது ஒரு நுணுக்கம்: 41-24485 என்ற விமானத்தின் வாலில் 124485 என்றே எழுதியிருக்கும், ஆண்டின் முதல் இலக்கம் விடுபட்டு. 41 என்பது கொள்முதல் ஆணை பிறந்த நிதியாண்டு, தயாரித்த ஆண்டு அல்ல.

அசாமிலிருந்து இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்குப் பறந்த 'ஹம்ப்' வழியில் சுமார் 600 விமானங்கள் போயின. அவற்றில் பலவற்றுக்குக் காரணம் எதிரி அல்ல. பனி படிதல், புயல், வழி தவறுதல். 1944 ஜனவரி 25 அன்று சீனாவின் குன்மிங்கிலிருந்து அசாமின் சபுவாவுக்குத் திரும்பிய 'ஹாட் ஆஸ் ஹெல்' என்ற பி-24 குண்டுவீச்சு விமானம் அருணாசலப் பிரதேச மலையில் மோதியது; சிதைவு கண்டறியப்பட்டது பல பத்தாண்டுகளுக்குப் பிறகு. இந்த வழியில் 'கடைசி ரேடியோ தொடர்பு' இடத்தைச் சுற்றி வட்டம் போட்டுத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். குழு தான் எங்கே இருப்பதாக நினைத்ததோ அதைத்தான் அந்தச் செய்தி சொல்லும். பலத்த காற்று அவர்களைத் தள்ளிக்கொண்டு போயிருக்கும்.

ஜெர்மன் இழப்புப் பட்டியல்கள் சேதத்தைச் சதவீதத்தில் சொல்கின்றன. 60-க்கு மேல் என்றால் விமானம் தேறாது, 100 என்றால் முழு இழப்பு. காரணத்தில் 'எதிரி நடவடிக்கையால்', 'எதிரி நடவடிக்கையின்றி' என்று பிரித்திருப்பார்கள். உரிமைகோரல்களைவிட இவையே நம்பத் தக்கவை. 1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாகப் பிரிட்டன் அறிவித்தது. ஜெர்மானியர் இழந்தது சுமார் 60. பொய் சொன்னார்கள் என்பதல்ல. ஒரே விமானத்தை நான்கு பேர் சுட்டால் நான்கு பேரும் தங்கள் கணக்கில் எழுதினார்கள். எந்தப் பக்கத்தின் இழப்பையும் அந்தப் பக்கத்தின் பதிவிலிருந்தே எடுங்கள்.

களத்தில் ஒரு துண்டு கிடைத்தால்

தொடாமல் முதலில் படம் எடுங்கள். அருகில் அளவுகோல் வைத்து, இருப்பிடக் குறியீட்டோடு. பிறகு பொறித்த எண்களைத் தேடுங்கள். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் பாகங்களில், பாகத்தின் வடிவமைப்பு வரைபட எண்ணின் தொடக்கம் 300 என்றால் மார்க் 1 என்ற ரகத்துக்கு வரைந்தது, 349 மார்க் 5, 361 மார்க் 9. ஆனால் 300 இருப்பதால் விமானம் மார்க் 1 ஆகிவிடாது. பழைய பாகம் மாறாமல் பின்னாள் ரகங்களிலும் பொருத்தப்பட்டது. கிடைத்த துண்டுகளில் மிகப் புதிய ரகத்தைக் காட்டும் எண்தான் கணக்கு.

விமானி அறை மானிகளின் ஒளிரும் முகப்பைச் சுரண்டவோ வீட்டுக்குள் வைக்கவோ வேண்டாம். பூச்சு ரேடியம், அதன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். ஒளி மங்கினாலும் கதிர்வீச்சு மங்கவில்லை. தோட்டாக்கள் துருப்பிடித்திருந்தாலும் உயிரோடு இருப்பதாகவே கொண்டு, இடத்தைக் குறித்துவிட்டுக் காவல்துறைக்குச் சொல்லுங்கள். பிரிட்டனில் விழுந்த எல்லா ராணுவ விமானங்களும் 1986 சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை; பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் இன்றித் தோண்டுவது குற்றம். உடல் எச்சங்கள் இருக்க வாய்ப்புண்டு என்றால் பொதுவாக உரிமமே தருவதில்லை. எலும்பு தென்பட்ட கணத்தில் வேலையை நிறுத்திவிட்டு, இடத்தை அப்படியே மூடி, அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். குடும்பத்துக்குச் செய்தி அவர்கள் வழியாகத்தான் போக வேண்டும். அடையாளம் உறுதியாவதற்கு முன் பெயரை இணையத்தில் போடாதீர்கள்.